காட்டுக்கு வெள்ளையடித்த நாள்

கமிட்டி வருகிறது என்று தெரிந்ததும் தோலோன்பாய் காட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்.

பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசுவது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். பள்ளிக்கூடத்துப் பாப்ளர் மரம், ஆஸ்பத்திரி வாசல் மரம், கல்லறைத் தோட்டத்து மரம் என்று எல்லாம் இடுப்புவரை வெள்ளையாக நிற்கும். சோவியத் காலத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி இது. அந்த நாடே போய்விட்டது, வாளியும் மட்டையும் மட்டும் போகவில்லை. ஆனால் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பெருமை தாஷ்கெச்சு வனப்பண்ணையின் தலைவர் தோலோன்பாய் ஒருவரையே சேரும்.

அனார்கான் காலை ஏழு மணிக்குக் குதிரையைவிட்டு இறங்கினாள். சாலையை ஒட்டிய கெங்சாய் தோப்பில் நாற்பது அக்ரூட் மரங்களும் தலையளவு உயரத்துக்கு வெள்ளையாக நின்றன. கைகால் முறிந்து கட்டுப்போட்டுக்கொண்டவர்களை வரிசையாக நிற்கவைத்த மாதிரி இருந்தது. வழக்கம்போல இடுப்பளவோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருகிறவர்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வருகிறார்கள், அவர்கள் தகுதிக்கு இடுப்பளவு போதாது என்று தலைவர் முடிவு செய்திருக்கிறார்.

பக்கத்து மரத்தின் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

அவள் அந்தக் காட்டின் காவலாளி. பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் இந்த நாற்பது மரங்களிடம் வந்து, ஒரு முழ நீளக் கம்பிக் கட்டத்தை மரத்தின் நெஞ்சுயரத்தில் நாலு பக்கமும் வைத்து, அதற்குள் எத்தனை காதுப்பாசி இருக்கிறது என்று எண்ணி எழுதுகிறவள். குழம்புக்குப் போடும் கல்பாசிக்குச் சொந்தம்தான் இதுவும். ஆனால் இலை இலையாக, ஆட்டுக்காது அளவுக்கு, பட்டையோடு ஒட்டி வளரும். காற்று கெட்டால் செத்துப்போகும். இளமரத்தில் வராது. பக்கத்து மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் இரண்டே கோடையில் கருகிவிடும். இந்தப் பாசி இருக்கிற காடு இன்னும் காடாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் எங்கோ ஒரு புத்திசாலி, மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை எண்ணச் சொன்னான்.

நாலு வருஷக் கணக்கை அனார்கானே எழுதலாம். ஐந்தாம் வருஷக் கணக்குக்கு மட்டும் கமிட்டி அந்த இடத்துக்கே வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நெஞ்சுயரக் கட்டத்துக்குள் மூன்று மரங்களிலாவது காதுப்பாசி உயிரோடு இருந்தால், கெங்சாயில் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கோடாலி விழாது. இல்லையென்றால் கெங்சாய் சாதாரணக் காடு. சாதாரணக் காட்டில் நோய்பிடித்த மரத்தை வெட்டிக்கொள்ளலாம். அலுவலக அலமாரியில் அறுபத்தொரு நோயாளிகளின் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. எல்லாமே அடிமரத்தில் பெரிய முண்டு வைத்த கிழமரங்கள். அந்த முண்டை அறுத்தால் உள்ளே அலையலையாக ரேகை ஓடும், பணக்காரர்கள் மேஜைக்கு ஆகும். முண்டுக்கு விலை ஏறுகிற வருஷத்தில்தான் எங்கள் மரங்களுக்கு நோய் அதிகம் வருகிறது.

இன்றைக்குத்தான் அந்த ஐந்தாம் வருஷக் கணக்கு. பாசியின் மேல் சுண்ணாம்பு.

கால் போன போக்கில் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கத்தில் சுண்ணாம்பு இல்லை. அடுத்த மரத்துக்குப் போனாள், அதிலும் இல்லை. எல்லா மரத்திலும் சாலையைப் பார்த்த தெற்குப் பக்கத்துக்கு மட்டும்தான் அடித்திருக்கிறார்கள். காதுப்பாசிக்கோ வெயில் ஆகாது, அது முக்கால்வாசி வளர்வது வடக்கில்தான். ஓடி ஓடி எண்ணினாள். பத்தொன்பது மரங்களில் பச்சைக் காதுகள் பனியில் நனைந்து விரிந்திருந்தன.

கூலியாள் மமாசாதிக் ஓடையில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் மமாசாதிக் அண்ணே, பின்பக்கம் அடிக்கல?"

"பின்னாடி யாரும்மா பாக்கப் போறா? கார்ல வருவாங்க, திம்பாங்க, கார்ல போவாங்க. முன்னாடி அடிச்சாலே முழு மரமும் அடிச்ச மாதிரிதான் தெரியுது. அடிக்கச் சொன்னவருக்கே அது போதும்."

இந்தக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் வேலை பார்க்கும் புத்தியை அனார்கான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாள். அன்று அதற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

எட்டு மணிக்குத் தோலோன்பாய் வந்தார், புதுத் தொப்பியோடு. காட்டுக்குத் தலைவரான பிறகு அவர் காட்டுக்குள் கால் வைத்தது இரண்டே முறை. இரண்டு முறையும் தொப்பி பறந்து உள்ளே போயிருந்தது.

"எப்படி இருக்கு அனார்? கல்யாண வீடு மாதிரி இல்ல?"

"நாம எண்ண வேண்டிய பாசி மேலயே அடிச்சு வச்சிருக்கீங்களே அண்ணே."

"பாசிதானே. அழுக்கு. அழுக்கக் காட்டறதுக்கா கமிட்டியக் கூப்பிடறோம்?"

"அத எண்ணத்தான் அவங்க வர்றதே. நல்லவேளை பின்பக்கம் இருக்கு. கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன்."

தலைவருடைய முகம் மாறியது. அவர் குனிந்து ஒரு மரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தார், பாதி மரம் பூசாமல் கிடப்பதை அப்போதுதான் கண்டார்.

"இந்த லட்சணத்த அவங்களுக்குக் காட்டப் போறியா? பாதி வேலை பாத்துட்டு ஏமாத்தறான்னு நினைப்பாங்க. சுண்ணாம்பு வேற ரெண்டு வாளிதான் மிச்சம் இருக்கு. யாரையும் பின்னாடி கூட்டிட்டுப் போகாத. கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சுது, அடுத்த மாசத்துலேர்ந்து நீ ஆடு மேய்க்கலாம்."

கோடாலிக்காரனோடு சேர்ந்து சதி செய்கிற ஆள்கூட இல்லை அவர். சதிக்கு மூளை வேண்டும். மேலே இருக்கிறவர் சிரித்தால் சிரிப்பார், முறைத்தால் நடுங்குவார். இப்படிப்பட்டவர்கள் கையில்தான் ஆயிரம் வருஷக் காட்டைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. முதலில் இறங்கியது வயிறு, பின்னாலேயே கமிட்டித் தலைவர் ஜப்பார்குல். கூட இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் மாவட்டக் கணக்குப் பிரிவு, இன்னொருவர் எதற்காக வந்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது காரிலிருந்து குறிப்பெழுத வந்த பெண் இறங்கினாள். பெயர் பெர்மெத், இருபத்தாறு வயசு இருக்கலாம். மலைப்பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளிறியிருந்தது. காலில் பளீரென்ற வெள்ளை ஷூ. காட்டுக்கு வெள்ளை ஷூ போட்டு வருகிறவளைப் பற்றி அனார்கான் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தப் பெண் நேராக அவளிடம்தான் வந்தாள்.

"அக்கா, வடக்குப் பக்கமா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா? சாப்பாட்டுக்கு முன்னாடியே."

தோலோன்பாய் பார்த்துக்கொண்டே நின்றார். கையெழுத்துப் போடுவது வயிறுதான், இந்த ஷூ இல்லை என்று அனார்கான் கணக்குப் போட்டாள். இது பாசியைக் கண்டால் பூச்சி என்று கத்தும்.

"முதல்ல வாயக் கொப்பளிச்சுட்டுக் கார்ல படு கண்ணு. வாந்தி வாடையோட உள்ள போனா கரடி சொந்தம் கொண்டாட வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெர்மெத் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டோடு உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

மரங்களுக்கு முன்னால், சாலையோரப் புல்லில் விருந்துத் துணி விரித்தாகிவிட்டது. ரொட்டி, ஆப்ரிகாட் பழ ஜாம், பொரித்த மாவுருண்டை, நடுவில் வெந்த ஆட்டுத்தலை. தலை ஜப்பார்குல் முன்னால் போனது. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு உயிரினப் பன்மையைப் பற்றிப் பேசினார். உயிரினப் பன்மை இல்லையேல் மனிதகுலம் இல்லை என்றார், ஒரு கண்ணைத் தோண்டித் தின்றார். காடு நம் குழந்தைகளின் சொத்து என்றார், நாக்கை அறுத்தார். தோலோன்பாய் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

இறைச்சித் தட்டை வைக்கும் சாக்கில் அனார்கான் குனிந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக் கேட்டேவிட்டாள்.

"ஐயா, பத்து அடி உள்ள நடந்தா எண்ணிப் பாத்துடலாம்."

"எதுக்கும்மா? இங்கேருந்தே தெரியுதே. பளிச்சுன்னு இருக்கு. அஞ்சு மாவட்டம் சுத்திட்டேன், இவ்வளவு சுத்தமான காட்ட நான் எங்கயும் பாக்கல."

தோலோன்பாய் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு அவளைப் பார்த்த பார்வையில் ஆனந்தம் இல்லை.

அப்போதுதான் அனார்கானுக்கு அந்த யோசனை வந்தது. பார்க்கக் கூப்பிட்டால் இவர்கள் வரமாட்டார்கள். மூத்திரம் வந்தால் வருவார்கள். முன்பக்கம் சாலை, ஒரு பக்கம் பாறைச் சரிவு, இன்னொரு பக்கம் சமையல் அண்டாவைச் சுற்றிப் பெண்கள். ஒதுங்குவதற்கு மரங்களின் பின்பக்கம் தவிர வேறு இடமே கிடையாது. நெஞ்சுயரத்தில் பாசி, மூக்குக்கு நேரே பாசி. சும்மா நிற்கிற நேரத்தில் மனுஷன் எதையாவது பார்த்துத்தானே ஆகவேண்டும்.

ஊற்ற ஆரம்பித்தாள். புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம், மேலே தேநீர் ஒரு கிண்ணம், மறுபடி குதிரைப்பால். எங்கள் ஊரில் தேநீரைக் கால் கிண்ணம்தான் ஊற்றவேண்டும், அதுதான் மரியாதை. தளும்பத் தளும்ப ஊற்றினால் குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அவள் தளும்பத் தளும்பத்தான் ஊற்றினாள். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, தாராள மனசு என்று பாராட்டினார்கள்.

கணக்குப் பிரிவுக்காரர் முதலில் எழுந்தார். அப்புறம் எதற்கு வந்தார் என்று தெரியாதவர். இரண்டு பேரும் போனது போலவே திரும்பி வந்து ரொட்டியைப் பிட்டார்கள். கடைசியாக ஜப்பார்குல் மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து, தன் அகலத்துக்கு ஏற்ற பெரிய மரமாகப் பார்த்துப் பின்னால் போனார். அனார்கான் கையில் கரண்டியோடு, அவர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ரொம்ப நேரம் ஆயிற்று. பார்க்கிறார், கட்டாயம் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

அவர் பெல்ட்டை இழுத்துக்கொண்டே வந்தார்.

"தோலோன்பாய், பார்த்தேன்."

அனார்கான் கரண்டியோடு ஓரடி முன்னால் வந்தாள்.

"பின்பக்கம் ஒரே அழுக்கா இருக்கே. செதில் செதிலா என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. பாதி வேலையில விட்டுட்டீங்களா? இவ்வளவு செஞ்சவங்க அதையும் முடிச்சிருக்கலாம்."

தோலோன்பாய்க்குத் தொப்பிக்குக் கீழே காது சிவந்துவிட்டது. "இப்பவே முடிச்சிடறோம் ஐயா, இப்பவே" என்று கத்திக்கொண்டே மமாசாதிக்கைக் கூப்பிட்டார். மிச்சமிருந்த இரண்டு வாளியில் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, மமாசாதிக்கும் இன்னொரு கூலியாளும் பின்பக்கம் போனார்கள். அனார்கான் ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள்.

"அண்ணே, அடிக்காதீங்க. இதுதான் அண்ணே கணக்கு. பதினொரு வருஷம்."

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி? கூலி குடுக்கறவரு நிக்கறாரு பாரு."

தோலோன்பாய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். "போய் இறைச்சிய எடுத்து வை. மானத்த வாங்காத."

அவள் இறைச்சியை எடுத்து வைத்தாள். மட்டை பட்டையில் சளக் சளக்கென்று அடிக்கும் சத்தம் விருந்துத் துணிவரை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு மரம் போனது. அவர்களைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. தோலோன்பாய் முட்டாள், ஜப்பார்குல் வயிறு, அது ஊரறிந்த விஷயம். இருக்கிற இடத்தில் சும்மா இருந்த பாசியை அந்த வயிற்றின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியது யார்? அவள்தான். எல்லோரையும் மட்டம் என்று நினைத்த திமிரில், ஒதுங்கப் போகிறவனுக்குக் கண் இருக்கும் என்று நம்பியவள். கண் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கரண்டியை வீசி எறியத் தோன்றியது, எறியவில்லை.

அரைமணி கழித்து மமாசாதிக் ஓடையில் கைகால் கழுவ வந்தார். நண்பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது.

"முடிச்சாச்சா?" என்றாள்.

"மூணு மரத்தத் தவிர மத்தது முடிச்சாச்சு."

"ஏன், அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது பண்ணல தங்கச்சி. உன் விருந்தாளிங்க பண்ணிட்டாங்க. ஆளுக்கொரு மரமாப் பாத்து நனைச்சு வச்சிருக்காங்க, வேர்லாம் ஈரம், கிட்ட போக முடியல. நான் போட்டிருக்கறது ஒரே பேண்ட். நஜீஸ் பட்டு அசுத்தமாயிட்டா எதக் கட்டிக்கிட்டுத் தொழறது? நீ நம்ம தலைவர்கிட்ட சுண்ணாம்பு தீந்துபோச்சுன்னு சொல்லிடு."

அனார்கான் அவரை முழுசாகப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள். ஒன்பதாம் மரம், பதினேழாம் மரம், முப்பத்தொன்றாம் மரம். மறைவுக்கு என்று அந்த மூன்று பேரும் இருப்பதிலேயே பருத்த மரமாகத் தேடியிருக்கிறார்கள். பாசியும் பருத்த கிழமரத்தைத்தான் தேடும். முழங்காலுக்குக் கீழே ஈரம், நெஞ்சுயரத்தில் பச்சைக் காதுகள், ஒரு கீறல்கூட இல்லை.

காருக்குப் போய்க் கதவருகே நின்றாள். பெர்மெத் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கண்ணு, வடக்குப் பக்கம் பாக்கணும்னு கேட்டியே."

"கேட்டேன்."

"இப்ப வர்றியா?"

அந்தப் பெண் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பையிலிருந்து கயிறு கட்டிய சின்ன லென்ஸையும் தண்ணீர்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் மரத்தடிக்கு வந்ததும் அவளுக்கும் மூக்கு இருக்கிறதுதானே, ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் வெள்ளை ஷூவோடு அந்த ஈரத்திலேயே ஏறி நின்று, கம்பிக் கட்டத்தை அனார்கானிடமிருந்து வாங்கி நெஞ்சுயரத்தில் வைத்தாள். காதின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, அது பச்சையாக விரிகிறதா என்று லென்ஸில் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கு. பதினாலு. போன வருஷம் நீங்க பதிமூணு எழுதியிருந்தீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பதினொரு வருஷக் கணக்கையும் படிச்சிட்டுத்தான் அக்கா வந்திருக்கேன். ரெண்டாயிரம் பக்கம் படிச்சதுல, எண்ணி எழுதினதுன்னு நம்பற மாதிரி இருந்தது உங்களோடது ஒண்ணுதான். அதனாலதான் என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்."

அனார்கானுக்கு வெட்கமாக இருந்தது. கமிட்டிக்கு முன்னால், தலைவருக்கு முன்னால் வராத வெட்கம் அந்த நனைந்த ஷூவைப் பார்த்து வந்தது. காலையிலேயே இவளோடு பத்து அடி நடந்திருந்தால் பத்தொன்பது மரமும் இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க அவளுக்குப் பழக்கமில்லை. தலைத்துணியை அவிழ்த்து, "கால குடு" என்று குனிந்தாள். பெர்மெத் விடவில்லை, இன்னும் இரண்டு மரம் இருக்கிறது என்றாள்.

பதினேழில் ஒன்பது. முப்பத்தொன்றில் இருபத்திரண்டு. மூன்று மரம் ஆயிற்று. பெர்மெத் தாளை முட்டியில் வைத்து எழுதிக்கொண்டே வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள்.

"சுண்ணாம்பப் பத்தித் தனியா எழுதிடறேன். ஆனா இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு அக்கா. மத்த மரத்துல எல்லாம் அழிஞ்சது இந்த மூணுல மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

அனார்கான் மரத்தடியைப் பார்த்தாள்.

"கமிட்டி நேரில் சென்று பார்வையிட்ட மரங்கள்னு எழுது."

பெர்மெத்தும் மரத்தடியைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அப்படியே எழுதினாள்.

விருந்துத் துணியில் தாளை நீட்டியபோது ஜப்பார்குல் பல் குத்திக்கொண்டிருந்தார். எண்களை அவர் பார்க்கவில்லை, பாசியின் பெயரைப் பார்க்கவில்லை, கெங்சாயில் ஐந்து வருஷத்துக்கு மரம் வெட்டக்கூடாது என்ற வரியையும் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தை மட்டும் நிதானமாக, உதடு அசையப் படித்தார். படித்துவிட்டு இரண்டு உறுப்பினர்களிடமும் காட்டினார். அவர்களும் தலையாட்டினார்கள்.

"ஆமா, உண்மைதான். நேர்லதான் போய்ப் பாத்தோம்" என்று சொல்லி, கையில் இருந்த ஆட்டுக்கொழுப்பைத் துணியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.